அட்லஸை முதல் மாதம் அலமாரியிலேயே வையுங்கள்

கேள்வி இது: "பிரிபரேட்டரி பள்ளி ஒன்றில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புவியியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்தது கணிதம். நாடு, தலைநகர், நதி, மலை என்று மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்குவது?"

கணிதம் படித்தவர் என்பது நல்லதாகப் போயிற்று. இந்த வயதுப் புவியியலில் பாதி வேலை அளவெடுப்பதுதான். பெயர்களுக்கு அப்புறம் வரலாம். நான் பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதே பாடத்தை எடுத்து வருகிறேன். முதல் இரண்டு வருடங்கள் அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை ஒப்பிக்க வைத்தவன்தான் நானும். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஒரு நாள் ஒருவனிடம் "வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கையை உயர்த்தி, மின்விசிறியைக் காட்டினான். சுவரில் மாட்டிய வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது, மேலே என்றால் கூரை. அவன் கணக்கில் தப்பே இல்லை. தப்பு, படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் எடுத்த என்னுடையது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான். தானே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்காத குழந்தையால் அடுத்தவர் போட்ட வரைபடத்தைப் படிக்க முடியாது. அதனால் முதல் மாதம் அட்லஸ் அலமாரியை விட்டு வெளியே வராது.

முதல் நாள் ஒரு கோப்பையை மேசைமேல் வைத்து, "இதை மேலே இருந்து பார்த்தால் எப்படித் தெரியும், வரையுங்கள்" என்று சொல்லுங்கள். பாதிப் பேர் பக்கவாட்டுத் தோற்றத்தைத்தான் வரைவார்கள். கோப்பையைத் தரையில் வைத்து, எழுந்து நின்று குனிந்து பார்க்கச் சொன்னால் ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு சின்ன நீட்டலும் மட்டும் தெரியும். "இவ்வளவுதானா?" என்று ஏமாந்து போவார்கள். அந்த ஏமாற்றம் நல்லது. அடுத்து வகுப்பறை மேசையை வரையச் சொன்னால் செவ்வகம் போட்டு, நான்கு மூலையிலும் நான்கு கால்களை விரித்துப் போடுவார்கள், நசுங்கிய தவளை மாதிரி. கால் இருப்பது தெரியும், அதனால் வரையாமல் விட மனசு வராது. கண்ணுக்குத் தெரிவதற்கும் மனசுக்குத் தெரிந்ததற்கும் உள்ள இந்த இழுபறி தீர இரண்டு மூன்று வகுப்புகள் ஆகும். அவசரப்படுத்த வேண்டாம்.

அப்புறம் வகுப்பறை முழுவதையும் வரைய வேண்டும். அளவுகோல் கொடுக்காதீர்கள், காலால் எட்டு வைத்து அளக்கட்டும். நீளம் பதினான்கு எட்டு, அகலம் ஒன்பது எட்டு என்று ஒருத்தி எழுதுவாள். பக்கத்திலிருப்பவன் பதினொன்று, ஏழு என்பான். இருவருக்கும் சண்டை வரும். வரட்டும். யாருடைய எட்டு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பயனில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்த கேள்வி, பதினான்கு எட்டுள்ள அறையை இந்தச் சின்னத் தாளுக்குள் எப்படி அடக்குவது? கட்டம் போட்ட தாளைக் கொடுங்கள். ஒரு எட்டுக்கு ஒரு கட்டம். அளவுத்திட்டம் என்ற சொல்லையே சொல்லாமல் அளவுத்திட்டம் பிறந்துவிட்டது. சொல்லை அடுத்த வாரம் கொடுத்துக்கொள்ளலாம்.

படம் சரியா தப்பா என்று நீங்கள் மதிப்பெண் போடத் தேவையில்லை. அறையில் ஒரு சாக்பீஸை ஒளித்து வைத்து, ஒரு குழு தன் படத்தில் அந்த இடத்தைப் பெருக்கல் குறியால் காட்டட்டும். இன்னொரு குழு அந்தப் படத்தை மட்டும் வைத்துத் தேட வேண்டும், யாரும் வாய் திறக்கக் கூடாது. ஜன்னலை வரையாமல் விட்டவர்கள், கதவை எதிர்ச்சுவரில் போட்டவர்கள் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். தேடுகிற குழுவில் யாராவது ஒரு பிள்ளை தாளைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்க்கும், படத்தின் கதவும் நிஜக் கதவும் ஒரே பக்கம் வரும்வரை. அந்தப் பிள்ளையைக் கவனியுங்கள். வரைபடத்தை நிலத்தோடு பொருத்துவது என்றால் என்ன என்று நீங்கள் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க நினைத்ததை அது இரண்டு நொடியில் செய்துவிட்டது. மற்றவர்களிடம் அதைக் காட்டிக்கொடுங்கள்.

உலக வரைபடத்தைக் கொண்டுவரும் நாளிலும் சுவரில் மாட்டாதீர்கள். தரையில் விரித்து, அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். இன்னொரு பெரிய குழப்பமும் இதில் தீரும். தெற்கு கீழே, தண்ணீர் கீழே ஓடும், ஆகவே நதிகள் தெற்கே ஓடும் என்று பல குழந்தைகள் நம்புகின்றன. நைல் வடக்கே ஓடி மத்தியதரைக் கடலில் சேர்கிறது. சைபீரியாவின் ஓப், யெனிசெய், லேனா மூன்றும் வடக்கே ஆர்க்டிக்கில் போய் விழுகின்றன. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. 1154இல் அல்-இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் சிசிலியில் செய்த உலக வரைபடத்தில் தெற்குதான் மேலே. ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் கிழக்கு மேலே இருந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு உலக வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். வகுப்பே சிரிக்கும், அப்புறம் மௌனமாகிப் பார்க்கும்.

சரி, நிஜ வடக்கைக் கண்டுபிடிப்பது எப்படி? "சூரியன் உதிப்பது கிழக்கு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். வருடத்தில் இரண்டே தடவைதான், மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் சம இரவு நாட்களை ஒட்டி, சூரியன் சரியான கிழக்கில் உதிக்கிறது. மற்ற நாட்களில் வடக்காகவோ தெற்காகவோ தள்ளித்தான். எவ்வளவு தள்ளும் என்பது நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைவிட ஒரு குச்சி நம்பகமானது. சமதரையில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலையில் நிழலின் நுனியில் ஒரு கல். குச்சியைச் சுற்றி அந்தக் கல்வரை ஆரம் வைத்து ஒரு வட்டம். மதியத்துக்குப் பிறகு நிழல் மறுபடி நீண்டு வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டு கல்லையும் இணைத்தால் மேற்கு–கிழக்குக் கோடு. காலையில் வைத்த கல் மேற்கு, கோட்டுக்குச் செங்குத்தாக வடக்கு–தெற்கு. உலகில் எங்கே செய்தாலும் ஏறக்குறையச் சரியாக வரும். கணிதம் படித்த உங்களுக்கு ஏன் என்று உடனே பிடிபடும். பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்து வருடம் முழுக்க அழியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. 1805இலிருந்து இருபது வருடம் சுவிட்சர்லாந்தின் இவெர்டான் கோட்டையில் பள்ளி நடத்தினார் பெஸ்டலாட்சி என்ற கல்வியாளர். அங்கே பிள்ளைகளை முதலில் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம். புரோன் என்ற சிற்றாறு ஓடுகிற குறுகிய பள்ளத்தாக்கு அது. நன்றாகப் பார்த்து முடித்த பிறகு அங்கேயே களிமண் வெட்டிக் கூடையில் நிரப்பிக்கொண்டு வந்து, நீண்ட மேசைகளில் ஆளுக்கொரு பகுதியாக அந்தப் பள்ளத்தாக்கைச் செய்ய வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். மண்ணில் செய்து முடித்த பிறகுதான் வரைபடத்தைக் கண்ணில் காட்டினார்கள் என்று அங்கே படித்த மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். நவீனப் புவியியலை நிறுவியவர்களில் ஒருவரான கார்ல் ரிட்டர் இவெர்டானுக்குப் போய் இதைப் பார்த்து, தான் அங்கே கற்றுக்கொண்டதாகச் சொன்னவர்.

களிமண் கிடைத்தால் ஒரு மலை செய்யுங்கள். ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சரிவு. அதை அகலப் பாத்திரத்தில் வைத்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பில் குச்சியால் கோடு கீறச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு சென்டிமீட்டர், இன்னொரு கோடு. உச்சி முங்கும்வரை. தண்ணீரை வடித்துவிட்டு நேர் மேலே இருந்து பார்த்தால் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும், செங்குத்தான பக்கத்தில் நெருக்கி, சரிவான பக்கத்தில் விலகி. சமவுயரக் கோடுகள் இவைதான். பெரிய வகுப்பு மாணவர்களே திணறுகிற விஷயத்தை ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நதிக்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது கசக்கிய தாள். ஒரு தாளை நன்றாகக் கசக்கி, பாதி விரித்து, மேடும் பள்ளமுமாகத் தட்டில் வையுங்கள். உயர்ந்த மடிப்புகளின் முகட்டில் மட்டும் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் நீலக் கோடு போடச் சொல்லுங்கள். தெளிப்பானை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் "இந்த முகட்டில் விழும் துளி எந்தப் பக்கம் போகும், கடைசியில் எங்கே தேங்கும்?" என்று ஊகித்துப் பென்சிலால் குறி போட வேண்டும். ஊகிக்க வைக்காமல் தெளித்தால் அது வெறும் வேடிக்கை. அப்புறம் மழை. நீலம் கரைந்து மடிப்புகள் வழியே இறங்கி, சிறு கோடுகள் சேர்ந்து பெரிய கோடாகி, பள்ளங்களில் குளமாக நிற்கும். ஒரே முகட்டில் அரை விரல் தள்ளி விழுந்த இரண்டு துளிகள் இரண்டு வேறு குளங்களுக்குப் போகும். துளிகளைப் பிரித்த முகடு நீர்ப்பிரிமேடு, ஒரு குளத்துக்கு வடியும் பரப்பு வடிநிலம், பெரிய கோட்டில் சேரும் சிறு கோடு துணையாறு, மூன்றும் ஒரே தாளில். நதி கடலில் தொடங்கி நிலத்துக்குள் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைகளும் இருப்பார்கள். வரைபடத்தில் கடல் பெரிது, அங்கிருந்து கோடு உள்ளே நீள்கிறது, அப்படித்தானே தோன்றும்? கசக்கிய தாளைப் பார்த்தபின் அந்த நினைப்பு நிற்காது.

இரண்டாவது மணல் தட்டு. ஈர மணலை நிரப்பி, ஒரு முனையின் கீழே இரண்டு புத்தகங்களை வைத்துச் சாய்த்து, மூடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் நேராக ஓடும். வழியில் ஒரு கூழாங்கல்லை வைத்தால் வளையும். வளைந்ததும் வெளிக்கரை அரிந்து விழுவதும், உட்கரையில் மணல் படிவதும் கண்ணெதிரே நடக்கும். அதனால் வளைவு இன்னும் வளையும். கீழ் முனையில் தண்ணீர் வேகம் குறைந்ததும் சுமந்து வந்த மணலை விசிறிபோல் விரித்துப் போட்டுவிடும், அது டெல்டா. கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கனமான மணல் முன்னாடியே நின்றிருக்கும், பொடி கடைசிவரை போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: குடத்தைக் கவிழ்க்காதீர்கள். நான் ஒருமுறை "வெள்ளம் காட்டுகிறேன்" என்று வீரம் காட்டப்போய், பக்கத்து மேசையில் திருத்துவதற்காக அடுக்கி வைத்திருந்த நோட்டுகள் எல்லாம் நனைந்து, அன்று மாலை முழுக்க அவற்றை ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தேன். பிள்ளைகளுக்கு அந்த வருடம் மறக்காத பாடம் அதுதான் என்பது வேறு விஷயம்.

உலக உருண்டை. வகுப்புக்கு ஒரே ஒரு பொருள் வாங்க அனுமதி கிடைத்தால் இதை வாங்குங்கள், தட்டை வரைபடத்தை அல்ல. ஒரு ஆரஞ்சுப் பழத்தின்மேல் பேனாவால் கண்டங்களைத் தோராயமாக வரைந்து, தோலைக் கிழியாமல் உரித்து மேசைமேல் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழியும், இல்லையென்றால் சுருங்கும். உருண்டையைத் தட்டையாக்கினால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் 1569இல் வெளியிட்ட உலகப் படத்தில் பரப்பளவை விட்டுக்கொடுத்துத் திசையைக் காப்பாற்றினார். மாலுமி திசைகாட்டியில் ஒரே பாகையைப் பிடித்துப் போனால் அவர் போகும் பாதை அந்தப் படத்தில் நேர்கோடு. கடலோடிக்கு அது வரம். வகுப்பறைச் சுவருக்கு அது தொல்லை. அந்தப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். நிஜத்தில் கிரீன்லாந்து சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி, பதினான்கு மடங்கு. மெல்லிய தாளை உலக உருண்டைமேல் வைத்துக் கிரீன்லாந்தைப் படியெடுத்து வெட்டி, ஆப்பிரிக்காவின்மேல் எத்தனை தடவை வைக்கலாம் என்று பிள்ளைகளே பார்க்கட்டும். மெர்கேட்டரைத் திட்டாதீர்கள், பாவம். அவர் வகுப்பறைக்காகச் செய்யவில்லை.

இன்னொரு கணக்கு உங்களுக்காகவே. பூமியின் விட்டம் சுமார் 12,742 கிலோமீட்டர். அதை 30 சென்டிமீட்டர் உருண்டையாக்கினால் 8,848.86 மீட்டர் எவரெஸ்ட் எவ்வளவு உயரம் நிற்கும்? 0.2 மில்லிமீட்டர். இரண்டு தாள்களின் தடிமன். அதனால்தான் மலைகளைப் புடைத்துக் காட்டும் உருண்டைகளை நான் வாங்க மாட்டேன். தடவிப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அளவு சுத்தப் பொய். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நம் உருண்டையில் அது மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இதைச் சொல்வதற்கு முன் பிள்ளைகளிடம் கையால் காட்டச் சொல்லுங்கள், ஒரு முழத்துக்குக் காட்டுவார்கள். அப்புறம் எட்டு சென்டிமீட்டர் பந்து ஒன்றை ஒருவன் கையில் கொடுத்து "நீதான் நிலா, எங்கே நிற்பாய்?" என்று கேளுங்கள். உருண்டையின் பக்கத்தில் வந்து நிற்பான். ஒன்பது மீட்டர் தள்ளிப் போகச் சொல்லுங்கள், வகுப்பறை போதாது, தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். சூரியனைப் பற்றிக் கேட்பார்கள். 33 மீட்டர் குறுக்களவு, மூன்றரைக் கிலோமீட்டர் தூரம். அதற்கு ஆள் அனுப்ப முடியாது.

பருவங்களுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்று பெரியவர்களிலேயே பலர் நம்புகிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவு ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. வட பாதியில் பனி கொட்டும்போதுதான் நாம் கிட்டத்தில் இருக்கிறோம். அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு பாதிக்கும் ஒரே சமயத்தில் கோடை வந்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒரு நாள் சும்மா இருங்கள்.

மறுநாள் டார்ச் ஒன்று, கட்டத் தாள் ஒன்று. டார்ச்சை நேராகப் பிடித்து வெளிச்சம் விழுந்த கட்டங்களை எண்ண வேண்டும். அதே தூரத்தில் சாய்த்துப் பிடித்து மறுபடி எண்ண வேண்டும். அதே வெளிச்சம், அதிகக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிட்டது. அப்புறம் நடுவில் ஒரு விளக்கு, அது சூரியன். கையில் குச்சி செருகிய பந்து, அது பூமி, குச்சி அதன் அச்சு. பூமியின் அச்சைப் போலவே குச்சியை 23 பாகை சாய்த்து, அறையின் ஒரு மூலையைப் பார்க்க வைத்து, விளக்கைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும் பாதிக்கு வெளிச்சம் நேராக விழும், அங்கே கோடை. மறுபாதிக்குச் சாய்வாக விழும், அங்கே குளிர். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு, நடக்கும்போது குச்சி எப்போதும் விளக்கை நோக்கியே சாயும்படி பந்தைத் திருப்பிக்கொண்டே போவது. அப்படிப் போனால் ஒரு பாதிக்கு நிரந்தரக் கோடை. குச்சி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும். மூலையில் ஒரு பிள்ளையை நிற்க வைத்து "இவன்தான் துருவ நட்சத்திரம், இவனைப் பார்த்தே நட" என்றால் வேலை சுலபம். பாடநூல்களில் பூமியின் பாதையை நீள முட்டையாக வரைந்திருப்பார்கள். அது கிட்டத்தட்ட வட்டம் என்பதையும் சொல்லிவிடுங்கள், பாதிக் குழப்பம் அந்தப் படத்தால் வருவது.

நேர மண்டலத்தில் அதிக நேரம் போக்க வேண்டாம். 24 மணிக்கு 360 பாகை, மணிக்கு 15. உருண்டையைச் சுற்றி டார்ச் அடித்தால் முடிந்தது. சீனா அத்தனை அகலத்துக்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறது, நேபாளத்தின் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்து மணி 45 நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று சொன்னால் கோடுகளை இழுப்பது சூரியன் மட்டும் இல்லை என்று அவர்களே சொல்வார்கள்.

மழையைத் தினமும் அளக்க வையுங்கள். பக்கங்கள் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதைக் கூரையின் பரப்போடு பெருக்கிப் பார்த்த பிள்ளைகள் என்னை நம்பாமல் மறுபடி மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது பெயர்கள். மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. எங்கே மாட்டுவது என்று ஆணி அடித்த பிறகு சட்டையைக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்கர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின்படி அறுத்து, புவியியல் கற்கும் குழந்தைகளுக்கு விற்றார். இன்றைய ஜிக்சா விளையாட்டு அங்கிருந்துதான் வந்தது. அட்டையில் நீங்களே செய்யலாம். வாரம் ஒருமுறை பார்க்காமல் ஒரு கண்டத்தை வரைய வைப்பதும் நல்லது. அழகு முக்கியமில்லை, எது எதற்குப் பக்கத்தில் என்பதுதான் முக்கியம். கண்டங்கள் எத்தனை என்று கேட்டால் ஏழு என்று எழுத வைப்பீர்கள். லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் இரு அமெரிக்காக்களையும் ஒன்றாக எண்ணுவது வழக்கம், ஐரோப்பாவையும் ஆசியாவையும் ஒன்றாகப் பார்ப்பவர்களும் உண்டு. தேர்வுக்கு ஏழு. ஆனால் ஐரோப்பா எங்கே முடிகிறது என்று உருண்டையில் விரல் வைத்துத் தேடவிடுங்கள்.

மனிதர்களைப் பற்றிய பகுதியில் உங்கள் வாயை நீங்களே கவனிக்க வேண்டும். "ஆப்பிரிக்காவில் அப்படி" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் பாதியிலேயே நிறுத்துங்கள். ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் 54. ஒரு பயிற்சி: விளக்கம் எழுதாத ஐந்து படங்களை வைத்து, எந்த இடம் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். மொராக்கோவின் அட்லஸ் மலையில் பனி, நைரோபியின் உயரக் கட்டடங்கள், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே உச்சியில் பனிக்கட்டி சுமக்கும் 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ, நமீபியாவின் மணற்குன்று, காங்கோவின் காடு. ஐந்தும் ஒரே கண்டம் என்று சொல்லும்போது எழும் சத்தத்தை நான் ஒவ்வொரு வருடமும் காத்திருந்து கேட்பேன். அப்புறம் "இந்த இடத்தில் உன் வயதுப் பிள்ளை காலையில் ஜன்னலைத் திறந்தால் என்ன பார்க்கும்?" என்று எழுதச் சொல்லலாம்.

"இதனால் என்ன பயன்?" என்று ஒரு பெற்றோர் கேட்காத வருடமில்லை. நான் டில்லி ஸ்மித்தைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தின் சரே பகுதியில் டேன்ஸ் ஹில் என்ற பிரிபரேட்டரி பள்ளியில் படித்த பத்து வயதுப் பெண். 2004 டிசம்பர் 26 அன்று குடும்பத்தோடு தாய்லாந்தில் புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் இருந்தாள். கடல் நுரைத்துக்கொண்டு, வழக்கமான அலைபோல வந்து திரும்பாமல் உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி நடத்தியிருந்தார்கள். அவள் விடாமல் கத்தி, பெற்றோரை நம்பவைத்து, அவள் அப்பா காவலாளியிடம் சொல்லி, கடற்கரையைக் காலி செய்தார்கள். சுமார் நூறு பேர் தப்பினார்கள். இதில் ஆசிரியராக நான் கவனிப்பது ஒன்று. "சுனாமி என்றால் கடலடி நில அதிர்வால் எழும் பேரலை" என்ற ஒரு வரியை மட்டும் அவள் படித்திருந்தால் அன்று அது எதற்கும் உதவியிருக்காது. வருவதற்கு முன் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவளுடைய ஆசிரியர் வீடியோவில் காட்டியிருந்தார். அவள் அடையாளம் கண்டது அதைத்தான். எரிமலை, நில அதிர்வு, புயல் எதை நடத்தினாலும் வரையறையோடு நிறுத்தாமல், அது நெருங்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் என்ன தெரியும், அப்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்து நடத்துங்கள்.

தேர்வு வைத்தாக வேண்டும் என்பார்கள். எழுத்துத் தேர்வு ஒன்று வையுங்கள், பள்ளிக்குத் தாள் வேண்டும். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஓர் இடத்துக்கு, பள்ளியின் பின்புறமோ பக்கத்துப் பூங்காவோ, கூட்டிக்கொண்டு போய், இருவருக்கு ஒரு வரைபடம் கொடுத்து, குறித்த மூன்று இடங்களுக்குப் போய்வரச் சொல்லுங்கள். தாளை முதலில் திருப்பி நிலத்தோடு பொருத்துகிறார்களா, அல்லது நேராக நடக்க ஆரம்பிக்கிறார்களா என்பதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே முழு வருடத்துக்கும் மதிப்பெண் போட்டுவிடலாம்.

வாங்க வேண்டியவை குறைவுதான். 30 சென்டிமீட்டர் உலக உருண்டை, டார்ச், ஆழமான தட்டு, மணல், தெளிப்பான், கட்டத் தாள், நாலைந்து திசைகாட்டி. திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. சுண்ணாம்புக் கோட்டின் வடக்கிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும், சில ஊர்களில் நிறையவே விலகும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து "சார், இது தப்பாகக் காட்டுகிறது" என்று ஓடி வரும்வரை நீங்களாகச் சொல்லாதீர்கள். இரும்புக் கால் மேசைமேல் வைத்துப் பார்க்கவும் விடாதீர்கள். ஒரு வருடம் என் வகுப்பில் ஏழு மேசைக்கு ஏழு வடக்கு இருந்தது.